கெஸ்ட் நோட்டில் இருந்த மிஸ்டர் ஹில்குரோவ்

குன்னூர் பக்கம், உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்க உரிமம் வாங்கிய ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். எந்த மன்றம் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெயர்ப்பலகையில் கேரம், டேபிள் டென்னிஸ், நூலகம் என்றெல்லாம் எழுதியிருக்கும். நூலகம் என்பது ஒரு பீரோ. நான் சேர்வதற்கு முன்பே அதன் சாவி தொலைந்துவிட்டது. டேபிள் டென்னிஸ் மேசைமேல் பீர் கேஸ்களை அடுக்கியிருப்போம். ஜன்னலோரம், நல்ல குளிர், ஃப்ரிட்ஜே தேவையில்லை.

ஒரு மே மாதம், மலர்க் கண்காட்சி சமயம். சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்குச் செயலாளருக்கு ஒரு போன் வந்தது. காலையில் ஆய்வுக்கு வருகிறார்களாம். (ஆய்வு வருவது முதல் நாளே எப்படித் தெரிகிறது என்பதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.) பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்கிவிடும் என்பதால் அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கூட்டமே. அன்று ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் உறுப்பினர் என்று பார்த்தால் மூலையில் ரம்மி ஆடிய நாலு பேர். மற்றவர்கள் எல்லாம் கோவை, ஈரோடு, பெங்களூர் வண்டிகளில் வந்தவர்கள். உறுப்பினர் கூட்டிவரும் விருந்தினர் பெயரை எழுதும் கெஸ்ட் நோட்டோ மூன்று வாரமாக வெற்றுத்தாள்.

கூட்டத்தை அனுப்பிவிட்டு பார் அண்ணா நோட்டை எடுத்து உட்கார்ந்தார். மூன்று வாரத்துக்கான விருந்தினர்களை அவர் ஒரே ராத்திரியில் பெற்றெடுக்க வேண்டும். முதலில் தன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் எல்லாரையும் எழுதினார். அது தீர்ந்ததும் மளிகைக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒரு மணிக்கு மேல் பெயர் வற்றிவிட்டது. சுவரில் மலை ரயில் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்ததும் அண்ணா முகம் மலர்ந்தது. மிஸ்டர் அடர்லி. மிஸ்டர் ஹில்குரோவ். மிஸ்டர் ரன்னிமேட், உடன் இருவர்.

“அண்ணா, இதெல்லாம் ஸ்டேஷன் பேரு” என்றேன்.

“வெள்ளைக்காரன் வந்தான், குடிச்சான், போயிட்டான்னு இருக்கட்டும் தம்பி. யாரு லண்டனுக்குப் போயி விசாரிக்கப் போறா?”

காலையில் வந்த கலால் அதிகாரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஹில்குரோவில் விரல் நின்றது. நிமிர்ந்து அண்ணாவைப் பார்த்தார். “ஏம்ப்பா, மிஸ்டர் கல்லார் மட்டும் வரலையா?” என்றார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. வழக்குப் பதிவானது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் தானே வெளியாட்களுக்கு மது கொடுத்ததாக அண்ணாவிடம் எழுதி வாங்கினார்கள். வாங்கியவர்கள் அதிகாரிகள் இல்லை, எங்கள் நிர்வாகக் குழுதான். அந்த மாதத்தோடு அவர் வேலை போனது. மன்றம் கட்டிய அபராதத் தொகையை நான்தான் லெட்ஜரில் எழுதினேன். தலைப்பு: இதரச் செலவு. அதற்கு மேல் வரி எலி மருந்து, கீழ் வரி பாத்ரூம் பல்பு. ஒரு சீசன் சனிக்கிழமை வசூலில் அது பாதிகூட வராது. திங்கட்கிழமை மறுபடி வெளியாட்களுக்கு மது டோக்கன் கிழித்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஆறு வருடம் வேலை பார்த்த எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுவிலக்கு மறுபடி தளர்ந்தபோது வந்த உரிம விதிகளின்படி கிளப்புக்குக் கிடைப்பது எஃப்.எல்.2 உரிமம். ஓட்டல் பாருக்குத் தரும் எஃப்.எல்.3 வேறு. ஓட்டல் வியாபாரம் செய்கிறது, விற்கிறது. கிளப் அப்படியில்லை. அது தனி முதலாளிக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது, தன் உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்கலாம். உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கி வைத்த பாட்டிலைத் தாங்களே எடுத்துக் குடிக்கிறார்கள் என்பதுதான் இதன் தத்துவம்.

இந்தத் தத்துவத்தை வைத்து கிளப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்திருக்கின்றன. சென்னை மன்றங்களின் வழக்கில் 1970இல் வந்த தீர்ப்பு, உறுப்பினருக்கு மன்றம் கொடுப்பது விற்பனையே அல்ல, அதனால் விற்பனை வரி கிடையாது என்றது. கல்கத்தா கிளப் வழக்கில் 2019இல் அதையே மறுபடி உறுதி செய்தார்கள். மன்றமும் உறுப்பினரும் ஒன்று, தனக்குத் தானே எவனும் விற்க முடியாது. கேட்கவே அழகாக இருக்கிறது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வரி கேட்டால் “நாங்களும் மன்றமும் ஒன்று” என்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் மட்டும் மன்றம் வேறு, தலைவர் வேறு, செயலாளர் ஊரிலேயே இல்லை, எல்லாவற்றுக்கும் பார்மேன்தான் பொறுப்பு என்று எப்படி ஆகிறது? பாட்டில் எல்லாருக்கும் சொந்தம் என்றால் குற்றமும் எல்லாருக்கும் சொந்தம்தானே. வெளியாள் ஒருவன் டோக்கன் வாங்கிக் குடித்த நிமிடமே அது கிளப் இல்லை, பார். உரிமமில்லாத பார். என் சண்டை இந்த ஒரு இடத்தில்தான்.

எல்லா கிளப்பும் இப்படி என்று சொல்லவில்லை. 1841இல் தொடங்கிய ஊட்டி கிளப் மாதிரியான பழைய இடங்களில் உறுப்பினர் ஆவதற்கே காத்துக் கிடக்க வேண்டும். காலர் இல்லாத சட்டை போட்டவனையே ஏற இறங்கப் பார்க்கும் இடத்தில் டோக்கன் வியாபாரம் எங்கே நடக்கும்? நான் சொல்வது சங்கப் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, தலைவர் மச்சான், பொருளாளர் மாமனார் என்று ஒரே குடும்பம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மன்றங்களை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். என் அம்மா அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்தவர். நான் வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் லைனில் ஒரு அக்கா, கணவர் இறந்தபின் சந்துக்கடை போட்டார். காந்தி ஜெயந்தி அன்று வாளியில் தண்ணீருக்கடியில் வைத்திருந்த ஏழெட்டு குவார்ட்டரோடு பிடித்துப் போனார்கள். மறுநாள் பேப்பரில் பெயர், வயது, போட்டோ. பாட்டில்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, பின்னால் அக்கா முக்காடு போட்டு நின்றார். அவர் செய்தது தப்புதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே காந்தி ஜெயந்தி அன்று எங்கள் மன்றத்தின் பின்கதவு திறந்திருந்தது. பீங்கான் டீ கப்பில் ஊற்றிக் கொடுத்தோம். எங்கள் மன்றத் தலைவர் படமும் பேப்பரில் வந்தது, பொங்கல் வாழ்த்து விளம்பரத்தில். சில்லறை மது விற்றுத் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களை 1982ஆம் வருட குண்டர் சட்டத்தில் ஒரு வருடம் வரை உள்ளே வைக்க வழி இருக்கிறது. நான் பார்த்தவரை எந்த மன்றச் செயலாளரும் அந்தச் சட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அரசால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே நீலகிரியில்தான் 2022 மே மாதத்திலிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் பாட்டிலை உடைத்து யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று பையில் பாட்டிலோடு வரிசையில் நிற்கிறார்கள். குடிமகனைப் பத்து ரூபாயில் ஒழுங்குக்குக் கொண்டுவரத் தெரிகிறது.

கிளப்பையும் தொட முடியும். 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியைத் தடுத்தால் கிளப் உரிமம் ரத்து, பொறுப்பானவருக்கு ஒரு வருடம் வரை சிறை, இருபத்தைந்தாயிரம் வரை அபராதம். நல்ல சட்டம், நான் கை தட்டினேன். வேட்டிக்கு இருந்த வேகம் மதுவுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

என்னைக் கேட்டால் அபராதத் தொகையை இரண்டு மடங்காக்குவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. லெட்ஜரில் ஒரு பூஜ்யம் கூடும், அவ்வளவுதான், தலைப்பு இதரச் செலவாகவே இருக்கும். பணத்தை விட்டுவிட்டு நாட்களை எடுங்கள். வெளியாளுக்குக் கொடுத்தது நிரூபணமானால் ஏப்ரல், மே இரண்டு மாதம் பார் பூட்டு. ஜூலை மழையில் பதினைந்து நாள் மூடச் சொன்னால் நாங்களே சந்தோஷமாக பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிடுவோம். சீசனில் மூடினால்தான் வலிக்கும். இரண்டாம் முறை என்றால் உரிமம் போக வேண்டும், அதே குழு வேறு பெயரில் சங்கம் பதிந்து வந்தாலும் தரக்கூடாது. வழக்கில் முதல் பெயர் தலைவர், அடுத்தது செயலாளர். கிளாஸ் கழுவுகிறவனிடம் எழுதி வாங்கிய தாளை ஒரு பொருட்டாகவே எடுக்கக்கூடாது.

பூட்டினால் வேலை பார்க்கிறவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் அந்தச் சம்பளத்தில்தான் பிழைத்தேன். பூட்டிய நாட்களுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதுங்கள். அதற்கு நிதி இல்லையென்றால் உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடட்டும். மன்றமும் உறுப்பினரும் ஒன்றுதானே?

அரசே கடை நடத்தும் நாட்டில் கிளப்பை மட்டும் கேட்பதா என்று சிலர் வருவார்கள். டாஸ்மாக்கைத் தனியாகத் திட்டுவோம், வாருங்கள்.

பார் அண்ணாவைப் போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இப்போது ஒரு பேக்கரியில் வர்க்கி பாக்கெட் போடுகிறார். கேஸ் என்ன ஆச்சு அண்ணா என்றேன். இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது. மன்றத்திலிருந்து ஒருத்தர்கூட கோர்ட்டுப் பக்கம் வந்ததில்லை. வக்கீல் ஃபீஸும் அவருடையதுதான்.

நேற்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். மாவட்டத்தில் எத்தனை எஃப்.எல்.2 உரிமம் இருக்கிறது, கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை மன்றங்கள்மேல் வழக்கு, எத்தனை நாள் பூட்டினார்கள், எத்தனை வழக்கில் நிர்வாகிகளின் பெயர் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று, திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் போகிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.