பேச வேண்டிய நேரத்தில் பேசாதவன்

லிஸ்பனில் ஒரு மதுக்கூடம். ஒருவன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பேச ஆரம்பிக்கிறான். குடித்துக்கொண்டே பேசுகிறான், வீட்டுக்குக் கூட்டிப்போயும் பேசுகிறான், பொழுது விடியும்வரை நிறுத்தவே இல்லை. எல்லாம் அங்கோலாவில் ராணுவ மருத்துவனாக இருந்த நாட்களைப் பற்றித்தான். அவளுடைய குரல் நமக்குக் கேட்பதே இல்லை. கொஞ்ச தூரம் படித்த பிறகு எனக்கு உறைத்தது, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது நான்தான் என்று.

போர்ச்சுகல் எழுத்தாளர் அந்தோனியோ லோபோ அந்துனெஸ் 1979-இல் எழுதிய நாவல் இது. 'உஷ் கூஷ் த ஜூதாஷ்' என்று பெயர். ஆள் நடமாட்டமில்லாத கடைக்கோடியைக் குறிக்கும் போர்ச்சுகீசியக் கொச்சை, சொல்லுக்குச் சொல் பார்த்தால் யூதாஸின் குண்டி. ஆங்கிலத்தில் நாகரிகமான தலைப்பு வைத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் கொச்சையில்தான் அவனுடைய கோபம் இருக்கிறது. அத்தியாயங்களுக்குப் பெயர் கிடையாது, ஏ, பி, சி என்று எழுத்துகள் மட்டும். பள்ளிப்பிள்ளை அரிச்சுவடி படிப்பதுபோல அவன் போரை முதல் எழுத்திலிருந்து ஒப்பிக்கிறான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'போரினால் சிதைந்த மனம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்தப் போரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கோவாவை 1961 டிசம்பரில் இந்தியா எடுத்துக்கொண்டது மட்டும் நமக்குத் தெரியும். கடைசி ஆள் வரை போரிட வேண்டும் என்ற போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் உத்தரவை மீறிச் சரணடைந்ததற்காக அங்கிருந்த ஆளுநரைப் பிறகு ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். அதே ஆண்டு தொடக்கத்திலேயே, போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலா விடுதலை கேட்டுப் பற்றிக்கொண்டது. 1963-இல் கினி-பிசாவு, 1964-இல் மொசாம்பிக். மூன்று முனைகளில், 1974 வரை, 13 ஆண்டுகள். 90 லட்சம் பேர் இருந்த சின்ன நாடு, தன் மண்ணிலிருந்து ஏறத்தாழ 8 லட்சம் இளைஞர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. போர்ச்சுகல் படையில் செத்தவர்கள் 8,000-க்கும் மேல். ஆப்பிரிக்கர்களில் எத்தனை பேர் என்பதை யாரும் ஒழுங்காக எண்ணிவைக்கக்கூட இல்லை.

அரசு இதைப் போர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவை காலனிகளே அல்ல, 'கடல்கடந்த மாகாணங்கள்' என்றது. சொந்த மாகாணத்தில் எப்படிப் போர் நடக்கும்? ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் தொலைக்காட்சியில் சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன் வந்து, பெயரைச் சொல்லி, அம்மா அப்பாவுக்கும் மனைவிக்கும் வாழ்த்துச் சொல்லி, 'நான் திரும்பி வரும்வரை விடைபெறுகிறேன்' என்று முடிப்பார்கள். கிராமத்துப் பையன்கள், அட்டென்ஷனில் நின்றபடி. அந்த ஒரு வாக்கியம் ஒரு தலைமுறையின் காதில் ஒட்டிக்கொண்டது. காட்டில் புத்தி தடுமாறியவனைப் பற்றிச் சொல்வதற்குப் பட்டாளத்தில் ஒரு வழக்கு இருந்தது: அவனை அந்த ஊர்ச் சீதோஷ்ணம் பிடித்துவிட்டது என்பார்கள். நாம் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்போமே, அதுபோல. வேறு விளக்கம் யாரும் தேடவில்லை. போரின் மன அழுத்தத்தால் முடங்கியவர்களையும் ஊனமுற்ற வீரர்களாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999-இல். போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து!

சரி, ஏன் இவ்வளவு காலம்? நான் நினைப்பது இது. 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தவர்கள் இதே போரில் சலித்துப்போன கேப்டன்கள்தான். துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ, தெருவெங்கும் மக்கள். அது அழகான நாள், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பூ ஒரே நாளில் ராணுவம் மொத்தத்தையும் விடுதலை வீரர்களாக்கிவிட்டது. முந்தின வருடம் ஒரு கிராமத்தைக் கொளுத்திவிட்டு வந்தவன் அதை யாரிடம் சொல்வான்? பழைய ஆட்சியின் ஆட்களுக்கு அவன் தோற்றுப்போன பட்டாளத்தான், புதிய ஆட்சிக்குச் சங்கடம். குடும்பத்துக்கோ, உயிரோடு வந்துவிட்டான், அது போதும். 1972 டிசம்பரில் மொசாம்பிக்கின் விரியாமு பகுதியில் நூற்றுக்கணக்கான கிராமத்தினரைக் கொன்றார்கள். அதற்கு ஒரு போர்ச்சுகல் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2022 ஆனது.

இப்போது நாவலுக்கு வருகிறேன். அந்த மருத்துவனுக்கு அங்கோலாவில் சோஃபியா என்று ஒரு பெண் பழக்கம். பட்டாளத்துத் துணி துவைக்கும் கறுப்பினப் பெண். போரின் நடுவே அவனுக்குக் கிடைத்த ஒரே கதகதப்பு அவளுடைய வீடு. ஒருநாள் போகிறான், அவள் இல்லை. ரகசிய போலீஸான பிடே அவளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, கெரில்லாக்களுக்கு உளவு சொன்னாள் என்று. அவன் போய்க் கேட்கிறான். சிப்பாய்களிடம் அவளைக் கொடுத்துவிட்டு அப்புறம் லுவாண்டாவுக்கு அனுப்பிவிட்டதாக அந்த அதிகாரி சாதாரணமாகச் சொல்கிறான். இவன் அதிகாரி, மருத்துவன், படித்தவன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிடுகிறான்.

இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கண்ணிவெடியில் கால் போனவர்களை அவன் வெட்டித் தைக்கும் பக்கங்கள் கொடூரமானவை, ஆனால் அவற்றைப் படித்துவிட முடிகிறது. ஏனென்றால் அங்கே அவன் பாதிக்கப்பட்டவன், நம் பரிவு தானாக ஓடி வருகிறது. சோஃபியா விஷயத்தில் அப்படி ஓடி வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்ட ஒருவன், யாருக்கும் பயன்படாத நேரத்தில், யாரோ ஒரு பெண்ணிடம், விடிய விடியப் பேசுகிறான். அவனுடைய நோய் அவன் பார்த்ததால் மட்டும் வந்ததல்ல, தடுக்காமல் விட்டதாலும் வந்தது என்று நாவல் சொல்கிறதாகவே நான் படிக்கிறேன். இதை விட்டுவிட்டு 'பாவம், போர் வீரர்' என்று உச்சுக்கொட்டினால் சோஃபியாவை நாமும் இன்னொரு முறை காணாமல் போக்கிவிடுகிறோம்.

லீடியா ஜோர்ஜ் 1988-இல் எழுதிய 'முணுமுணுப்புகளின் கடற்கரை' இதே இடத்தை மனைவியின் பக்கமிருந்து தொடுகிறது. ஈவிட்டா மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்குப் போய்த் தன் காதலனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கணிதம் படித்த பையன், இப்போது ராணுவத்தில். அவனுடைய கேப்டனின் மனைவி அவளிடம் புகைப்படங்களைக் காட்டுகிறாள். அதில் ஈவிட்டாவின் புருஷன் இருக்கிறான், வெட்டிய தலையைக் கம்பில் செருகிப் பிடித்தபடி. கல்யாணமான புதிதில், ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இருபது வருடம் கழித்து அதே கதையை மறுபடி எடுத்து, முதலில் சொல்லப்பட்ட அழகான வடிவத்தைக் கலைத்துப்போடுகிறாள். ஆண்கள் எழுதிய போர் நாவல்களை நிறையப் படித்துவிட்டு இதைப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஜைமிலியா பெரெய்ரா த அல்மெய்தா. 1982-இல் லுவாண்டாவில் பிறந்து லிஸ்பன் பக்கம் வளர்ந்தவர். 2021-இல் வந்த 'மரேமோட்டு' என்ற அவருடைய குறுநாவலில் போவா மோர்த்தே என்று ஒரு கிழவர். நல்ல சாவு என்று அர்த்தம் வரும் பெயர். கினி-பிசாவுக்காரர், போர்ச்சுகல் பக்கம் நின்று போரிட்டவர், லிஸ்பனில் ஒரு தெருவில் கார் நிறுத்த இடம் காட்டிச் சில்லறை வாங்கிப் பிழைக்கிறார். பிசாவுவில் இருக்கும் மகளுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார். தெருவின் பெயர் அந்தோனியோ மரியா கார்தோசோ. பிடேயின் தலைமையகம் இருந்த தெரு அது. புரட்சி நாளன்று கூட்டத்தை நோக்கிச் சுட்டு நான்கு பேரைக் கொன்றதும் அங்கேதான்.

மறக்கப்பட்ட வீரர்கள் என்று பேசும்போது இவரைப் போன்றவர்கள் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. போரின் கடைசி ஆண்டுகளில் போர்ச்சுகல் படையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆப்பிரிக்கர்கள். 1974-இல் போர்ச்சுகல் கினி-பிசாவுவிலிருந்து கிளம்பியபோது அவர்களைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போனது. கறுப்பின கமாண்டோக்களில் பலரை, விடுதலை பெற்ற கினி-பிசாவுவின் புதிய ஆட்சி சுட்டுக் கொன்றது. லோபோ அந்துனெஸின் மருத்துவனுக்குக் குறைந்தது ஒரு மதுக்கூடமும் கேட்க ஒரு ஆளும் கிடைத்தார்கள். போவா மோர்த்தேவும் கொன்றிருக்கிறார், தன் சொந்த மக்களையே. அவர் கொன்றவர்களின் நாட்டுக்கும் திரும்ப முடியாது, யாருக்காகக் கொன்றாரோ அந்த நாட்டிலும் இடம் இல்லை. அல்மெய்தா அவரை மன்னிக்கவும் இல்லை, கூண்டில் ஏற்றவும் இல்லை. கூடவே நடக்கிறார்.

மருத்துவன் கிளம்புவதற்கு முன்னால் வீட்டு அத்தைகள் எல்லாரும் பட்டாளம் இவனை ஆம்பிளை ஆக்கும் என்று நம்பியவர்கள். நாவல் முடிகிற இடத்தில், ஊர் திரும்பியவன் அவர்களைப் பார்க்கப் போகிறான். மெலிந்துவிட்டாய் என்கிறாள் அத்தை. பட்டாளம் உன்னை ஆம்பிளை ஆக்கும் என்று எதிர்பார்த்தேன், உன்னை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.