நாலு பக்கம் மட்டும் போதாது
"30, 40, 30, 40 அடி இருந்தா சேலத்துல எந்த மனையும் 1200 சதுர அடிதான்" என்று நினைப்பது தவறு. நாலு பக்கம் நாற்கரத்தை உறுதி செய்யாது. நாலு குச்சியை ஆணியடித்து இணைத்துத் தள்ளிப் பாருங்கள், சாயும். 1200 வர மூலை 90 பாகையாக, அதாவது மூலைவிட்டம் (எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள தூரம்) 50 அடியாக இருக்கணும்.

ஒரு மூலைவிட்டம் 44 அடி வந்தால்? அது மனையை இரண்டு சமமான முக்கோணமாக வெட்டும். ஒவ்வொன்றின் பக்கங்கள் 30, 40, 44; சுற்றளவில் பாதி 57. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 27, 17, 13. ஹெரான் சூத்திரப்படி ஒரு முக்கோணத்தின் பரப்பு 57×27×17×13-இன் வர்க்கமூலம், சுமார் 583.2, இரண்டுக்கும் 1166.4. கிட்டத்தட்ட 34 சதுர அடி காணோம், பக்க அளவில் எந்தப் பிழையும் இல்லாமலே!

ஏற்காடு சரிவில் இன்னொரு வம்பு: 20 பாகைச் சரிவில் தரையோடு பிடித்த 40 அடி, கிடைமட்டத்தில் சுமார் 37.6தான். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு அளக்கணும்.