கமிஷன் எவ்வளவு என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் நடந்தது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் விசாரிக்க வேண்டாம். உங்கள் குடியிருப்பிலும் நடந்திருக்கும், ஆட்கள்தான் வேறு.

மாதப் பராமரிப்புத் தொகையோடு கொஞ்சம் சேர்த்து வாங்கி, பெரிய வேலைகளுக்கென்று தனியாக எடுத்து வைக்கலாம் என்றேன். அவ்வளவுதான் என் குற்றம். "இப்போது எதுவும் உடையவில்லையே, எதற்குப் பணம்?" என்றார் ஒருவர். உடைந்த பிறகு போய் நின்றால், "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்கப்போகிறவரும் அவரேதான்.

ஐயா, உடைவது ஒருநாள், தேய்வது தினமும். மொட்டை மாடியில் நீர் இறங்காமல் இருக்கப் பூசிய பூச்சு பத்து வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி பூச ஆகும் செலவை 120ஆல் வகுத்தால் வருவது, இந்த மாதம் நாம் தேய்த்துத் தீர்த்த பங்கு. வெளிச்சுவர் வண்ணம், தண்ணீர் மோட்டார், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் இதே வகுத்தல்தான். விலைவாசி ஏறுவதால் ஆண்டுக்கொரு முறை கணக்கைத் திருத்த வேண்டும். வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் தோராயக் கணக்கும் உண்டு. பழைய கட்டடத்துக்கு அதுவும் போதாது என்பது என் எண்ணம். கூட்டத்தில் அதைச் சொல்லியிருந்தால் நாற்காலி பறந்திருக்கும்.

எதுவும் உடையவில்லையாம். இரண்டாம் மாடிப் படிக்கட்டின் அடியில் இருக்கும் மஞ்சள் கறையை விரலால் அழுத்திப் பார்த்தீர்களா? நான் அழுத்தினேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை கையோடு வந்தது. உள்ளே கம்பி செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தது. துருப்பிடித்த இரும்பு முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடிக்கும், வெடிப்பு வழியே இன்னும் ஈரம் இறங்கும். வெறும் விரிசலாக இருந்தபோதே அடைத்திருந்தால் அரைநாள் வேலை. இப்போது கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். ஆனாலும் எதுவும் உடையவில்லை, சரி.

பணம் சும்மா கிடந்தால் யாராவது சாப்பிட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். வங்கியில் வைப்பாகப் போடுங்கள், எடுக்க இரண்டு கையெழுத்து வையுங்கள், அதில் ஒன்று உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றேன். "எனக்கு எங்கே நேரம்?" என்று பதில் வந்தது. எனக்கு மட்டும் நேரம் மரத்தில் காய்க்கிறது போலும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்குச் சிரமம் என்பது உண்மை. அதனால்தான் மாதாமாதம் சிறுகச் சிறுக என்கிறேன். ஒரே அடியாகக் கேட்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

"என் வீடு பூட்டித்தானே கிடக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றவரிடம் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை. அந்த வசனத்தை ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். அப்பா போன பிறகு அவர் வீட்டைப் பூட்டி வைத்தோம். ஆண்டுதோறும் ஆளுக்குப் பாதி போட்டுக் கூரையையும் கரையானையும் கவனித்துக்கொள்வோம் என்றார் அண்ணன். ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன செலவு என்று பெரிய அறிவாளி மாதிரி கேட்டேன். நான்கு வருடம் கழித்துத் திறந்தோம். கதவு நிலையைப் பிடித்தேன், கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. மேலே வண்ணம் அப்படியே பளபளக்கிறது, உள்ளே வெறும் கரையான் மண். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வெட்கத்தில்தான் இந்தப் பொருளாளர் பொறுப்பையே ஏற்றேன், சம்பளம் இல்லாமல். அதற்குத்தான் ஆட்கள் நிறைந்த கூட்டத்தில், "இதில் உமக்குக் கமிஷன் எவ்வளவு?" என்ற கேள்வி. நான்கு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் வீட்டுக் குழாய் அடைப்புக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஆள் தேடி ஓடியவன் நான்.

மூன்று வருட ரசீதுக் கோப்புகளை என் வாசல் ஸ்டூலில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் புரட்டலாம் என்று அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிட்டேன். இன்றோடு மூன்று நாள். கேள்வி கேட்டவர் தினமும் அந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டுதான் படியிறங்குகிறார்.