மார்க் கம்மியானவங்க எடுக்கிற பாடம் இல்ல சைக்காலஜி

என் பொண்ணு ஸ்கூல்ல சைக்காலஜி, அதாவது உளவியல், எடுத்துப் படிக்கிறா. அதைப் பத்தி நேத்து எங்க அப்பார்ட்மென்ட் குரூப்புல நடந்ததை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. "சைக்காலஜியா? கீழ்ப்பாக்கத்துல இப்பவே ஒரு பெட் சொல்லி வைங்க"ன்னு, அங்க இருக்கிற மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லி ஒருத்தர் கிண்டலா எழுதினதும், அதுக்குக் கீழ விழுந்த சிரிப்பு பொம்மைகளும் என் பொண்ணு கண்ணுல பட்டுடுச்சு.

அது மார்க் கம்மியானவங்க தலையில கட்டற பாடம் இல்ல. அவ பத்தாவதுல நல்ல மார்க். கேட்டு வாங்கித்தான் எடுத்தா. சிபிஎஸ்இ-ல தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 30. பன்னிரண்டாவதுல ஒருத்தரைக் கூட இருந்து கவனிச்சு, பேட்டி எடுத்து எழுதணும். அவ என் மாமியாரை எடுத்துக்கிட்டா. மாமனார் போனப்புறம் அவங்க ஏன் ராத்திரி ஹால் லைட்டை அணைக்க விடறதில்லன்னு மூணு வருஷமா நான் சலிச்சுக்கிட்டேன். இவ ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவருக்காக முப்பது வருஷம் எரிஞ்ச லைட்டாம் அது.

"மனப்பாடம் பண்ணாப் போதும்"னு சொல்றவங்களுக்கு: 1885-லயே எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறந்து போகுதுன்னு அளந்து எழுதினார். அதைப் படிச்சிட்டுத்தான் இவ எல்லாப் பாடத்தையும் இடைவெளி விட்டுத் திருப்பிப் படிக்கிறா.

வேலை கிடைக்குமான்னு கேக்கறது நியாயம். டிகிரி மட்டும் போதாது, முதுகலை, அதுக்கு மேல பயிற்சின்னு பல வருஷம் ஆகும். தெரிஞ்சுதான் இறங்கியிருக்கா. நீட் எழுதறவங்ககூட இதை அஞ்சாவது பாடமா எடுக்கலாம். இதுக்கு மேல அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

ஆனா கீழ்ப்பாக்கம்னு சொன்னீங்களே, அதுதான் நேத்து ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடல. 1794-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி சார் அது. இன்னைக்கும் தினம் ஜனங்க வந்து வைத்தியம் பார்த்துக்கிட்டுப் போறாங்க. அந்தப் பேரை நீங்க திட்டறதுக்கு வெச்சிருக்கீங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் வெச்சிருந்தோம். 1994-ல என் தம்பி ப்ளஸ் டூ. தூக்கம் போச்சு, பேச்சு போச்சு, கதவைச் சாத்திக்கிட்டே கிடந்தான். மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். பரீட்சை பயம்னு அப்பா அடிச்சார். கீழ்ப்பாக்கம்னு பேர் வந்துடுமேன்னே எட்டு மாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. அந்த எட்டு மாசம் அவனுக்குத் திரும்பி வரவே இல்ல.

மனநோய்கள் பத்தின பாடத்தைப் படிச்ச அன்னைக்கு என் பொண்ணு சமையல்கட்டுக்கு வந்து கேட்டா: "மாமாகிட்ட யாராவது, ஏண்டா தூங்கலன்னு கேட்டீங்களாம்மா?"

யாரும் கேக்கல.