"அவசரம், உதவுங்கோ" என்று தலைப்புப் போடாதீர்கள்

போன கிழமை மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் லிங்க் ஒன்று அனுப்பினான். "அண்ணா, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில கேள்வி போட்டனான். ரெண்டு நாளாச்சு, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கினமில்லை. தமிழ்ப் பேரைக் கண்டிட்டு விட்டிட்டினம் போல."

திறந்து பார்த்தேன். தலைப்பு: "ப்ளீஸ் ஹெல்ப், பைதன் நாட் வொர்க்கிங், அர்ஜென்ட்."

அவனுடைய பெயரில் ஒரு பிழையும் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெற 2008இல் தொடங்கிய தளம். பைதன் என்ற நிரல்மொழி வேலை செய்யவில்லை என்று எத்தனை பேர் அங்கே வந்து அழுதிருப்பார்கள்!

உண்மையில் நடந்தது இதுதான். ஊர்க் கமக்கார அமைப்பின் உறுப்பினர் பட்டியலை அவன் பைதனில் ஒழுங்குபடுத்தி சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக, எழுதியிருக்கிறான். எக்செல்லில் திறந்தால் பெயர்களைக் காணவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', திரும்பவும் அதே 'ஏ'. பக்கம் முழுக்க அதுதான். பைதன் பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எக்செல்தான் அந்த எழுத்துகளை வேறு முறையில் வாசித்திருக்கிறது.

அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "காணி அனுமதிப்பத்திரம் துலைஞ்சு பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதினால், 'கனம் ஐயா'வுக்குக் கீழே கோடு போட்டு என்ன எழுதுவாய்?"

"காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி பெறுதல்."

"அதில அவசரம், தயவுசெய்து எண்டு போடுவியா?"

சிரித்தான். வன்னியில் கடிதம் எழுதாத வீடு இல்லை. காணிக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, மரணச் சான்றிதழுக்கு என்று எழுதி எழுதியே விடயத்தை ஒரு வரியில் சொல்லப் பழகிய ஆட்கள் நாங்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

இரண்டு பேருமாகத் தலைப்பை மாற்றினோம். தமிழில் சொன்னால்: "பைதனில் யூடிஎஃப்-8 ஆக எழுதிய சிஎஸ்வி, எக்செல்லில் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைகின்றன." யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் ஒரு முறை. எதில் எழுதினான், எதில் திறந்தான், என்ன கண்டான், மூன்றும் வந்துவிட்டன. தலைப்புக்கு அங்கே 150 எழுத்து வரை இடம் உண்டு, கஞ்சத்தனம் தேவையில்லை. அதையே ஆங்கிலத்தில் கூகிளில் போட்டுத் தேடினோம். பதில் முன்னமே இருந்தது! வேறு மொழிக்காரர் யாரோ இதே கல்லில் தடக்கியிருக்கிறார். எழுதும்போது என்கோடிங்கை, அதாவது அந்தச் சேமிக்கும் முறையை, 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் 3 பைட் அடையாளம் ஒன்று சேரும். அதைக் கண்டு எக்செல் சரியாக வாசிக்கும். ஒரு சொல் மாற்றம். இரண்டு நாள் காத்திருப்பு.

அந்தத் தளத்தின் மூத்தவர்கள் புதுப்பிள்ளைகளோடு கதைக்கிற விதம் எனக்குப் பிடிக்காது, அதை மறைக்கவில்லை. ஆனால் தலைப்பு விடயத்தில் நான் அவர்கள் பக்கம்தான். பதில் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் தலைப்பைத்தான், நாளைக்கு இதே பிழையோடு வரும் இன்னொரு பிள்ளை தேடிப் பிடிப்பதும் தலைப்பைத்தான்.

எங்கள் தமிழ்க் குழுக்களில் இன்னொரு கூத்து நடக்கிறது. லப்டொப் திரையை ஃபோனால் படம் பிடித்துப் போட்டுவிட்டு, மேலே "இது என்ன அண்ணா?" என்று ஒரு வரி. படத்தில் ஃபேன் தெரிகிறது, நுளம்பு வலை தெரிகிறது, பிழைச் செய்தி மட்டும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. தெளிவாகத் தெரிந்தாலும், ஆறு மாதம் கழித்துக் குழுவில் தேடினால் அந்தப் படம் அகப்படாது. விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், எனக்கும் அதுதான் விருப்பம். பிழைச் செய்தியை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே கொப்பி பண்ணித் தலைப்பில் ஒட்டுங்கள்.

தம்பி பழைய கேள்வியை அழிக்கவா என்று கேட்டான். வேண்டாம், தலைப்பைத் திருத்திவிட்டுப் பதிலையும் கீழே நீயே எழுதிவிடு என்றேன். இன்னும் எழுதவில்லை, வயலில் நெல் அருவி வெட்டாம்.