ஒரு பவுண்டுக்கு வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை

மான்செஸ்டர் பக்கம் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், ஊரிலிருந்து பேசுகிற யாரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "யுனைடெடா, சிட்டியா?" பெரி என்று சொன்னால் எதிர்முனையில் சத்தமே இருக்காது. அப்படி ஓர் ஊர் இருக்கிறதய்யா. மான்செஸ்டருக்கு வடக்கே, டிராம் ஏறினால் போய்விடலாம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 'புதை' என்று அர்த்தம் வரும், சொல்வதும் அதே மாதிரி 'பெரி'தான். என்ன நேரத்தில் வைத்த பெயரோ, 2019-இல் அந்த ஊர் கால்பந்து கிளப்பை நிஜமாகவே புதைத்தார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், போன வாரம் வேலையிடத்தில் ஒருவர் பெரி கிளப்பைப் பற்றி அலட்சியமாகச் சொன்னார்: "வரவுக்கு மேல செலவு பண்ணினா அப்படித்தான். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்." சொல்லிவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து வயிறு எரிகிறது. அவர் யுனைடெட் ரசிகர். தானே பெருங்கடனில் இருக்கிற கிளப்பின் ரசிகர் கடனைப் பற்றிப் பாடம் எடுப்பது தனிக் காமெடி, அதை விடுங்கள்.

வரவுக்கு மேல் செலவு செய்தது யார்? மழையில் நனைந்துகொண்டு நின்று பார்த்தவரா? கேன்டீனில் 'பை' பலகாரம் சூடாக்கிக் கொடுத்த அம்மாவா? புல் வெட்டியவரா? இதைக் கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் வராது.

அந்த 2018-19 சீசனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னில் கடைசி இடம் வந்து, நான்காவதான லீக் டூவுக்கு இறங்கிய அணி. பழைய ஆட்டக்காரரான ரயன் லோ மேலாளர் ஆனார். கீழ் டிவிஷன் என்றாலே பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லோவின் ஆட்கள் அப்படி ஆடவில்லை. இடப்பக்கம் டேனி மேயர் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நுழைவார், முன்னால் நிக்கி மேனார்ட் முடித்துவைப்பார். 46 ஆட்டத்தில் 82 கோல், 79 புள்ளி, இரண்டாம் இடம். அடி வாங்கி விழுந்த அணி ஒரே வருடத்தில் எழுந்துவிட்டது.

இதற்கு நடுவில், 2018 டிசம்பரில், கிளப் கைமாறியது. 2013-இலிருந்து உரிமையாளராக இருந்தவர் ஸ்டூவர்ட் டே, கட்டடத் தொழில்காரர். கிளப்பின் தகுதிக்கு மீறிச் சம்பளம் கொடுத்தது, மைதானத்தின் மேல் கடன் ஏற்றியது எல்லாம் அவர் காலத்துக் கணக்கு. அவருடைய தொழில் ஆட்டம் கண்டதும் கிளப்பை ஸ்டீவ் டேல் என்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். விலை ஒரு பவுண்டு. அச்சுப் பிழை இல்லை, ஒரே ஒரு பவுண்டு. இங்கே ஒரு பவுண்டுக்கு ஒரு கோப்பை டீ கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். 1885-இல் பிறந்த கிளப்பை, இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப்பை, அந்தக் காசுக்குக் கொடுத்தார்கள்.

சரி, வாங்குகிறவர் கையில் நடத்தப் பணம் இருக்கிறதா என்று லீக் பார்த்திருக்க வேண்டுமே? 72 கிளப்புகளை மேய்க்கிற இ.எஃப்.எல். என்கிற இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் அதற்குத்தானே இருக்கிறது? உரிமையாளருக்கான தகுதித் தேர்வு என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிளப் கைமாறி முடிந்த பிறகுதான் பணத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்தியான ஆதாரம் வரவே இல்லை என்று பிறகு அவர்களே சொன்னார்கள். இந்த நாட்டில் ஒரு படுக்கையறை வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போய்ப் பாருங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பழைய வீட்டுக்காரரின் கடிதம், எல்லாம் கொடுத்த பிறகுதான் சாவி. ஓர் ஊரின் 133 வருடச் சொத்துக்கு முதலில் சாவி, அப்புறம் விசாரணை!

விளைவு அந்த வசந்தத்திலேயே தெரிந்தது. சம்பளம் நின்றது. 2019 ஏப்ரல் 30, டிரான்மியர் அணியின் மைதானத்தில் 1-1 டிரா, பெரி லீக் ஒன்னுக்கு உயர்ந்தது. வழியெல்லாம் பாட்டு. அந்தக் கொண்டாட்டத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய ஆட்டக்காரர்களின் வங்கிக் கணக்கில் சம்பளம் வந்து சேரவில்லை. சம்பளம் இல்லாமல் ஓடி, உதை வாங்கி, உயர்வையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்காவது பேசச் சங்கம் இருக்கிறது. அலுவலகத்தில் டிக்கெட் கிழிப்பவருக்கும் துணி துவைப்பவருக்கும் யார் பேசுவது? மாதக் கடைசியில் வங்கிச் செயலியைத் திறந்து திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று சம்பளக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று சொல்கிறேன், எரிச்சல் இன்னும் கூடும். எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மிகப் பெரிய வெற்றி யாருடையது தெரியுமா? 1903-இல் பெரி, டெர்பி கவுண்டியை 6-0 என்று உரித்தது. அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. 116 வருடம் யாரும் அதைத் தொடவில்லை. தொட்டது மான்செஸ்டர் சிட்டி, வாட்ஃபோர்டுக்கு எதிராக அதே 6-0. தேதி 2019 மே 18. பெரி உயர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்று தொலைக்காட்சியில் பெரியின் பெயர் பெருமையாக அடிபட்டபோது பெரியின் ஊழியர்கள் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஜூலையில் கடன்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த இடம்தான் எனக்குச் சுத்தமாக ஜீரணமாகாத இடம். கால்பந்து உலகத்துக்குள் இருக்கும் கடன், அதாவது ஆட்டக்காரர் சம்பளம், மற்ற கிளப்புகளுக்கு வர வேண்டிய பணம், இதெல்லாம் முழுதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லீக்கில் இடமில்லை. வெளியே இருப்பவர்களுக்கு, வரித்துறை உட்பட, பவுண்டுக்கு 25 பென்ஸ். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். ஆட்டக்காரருக்கு முழுச் சம்பளம் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை, உழைத்தவர் வாங்க வேண்டும். ஆனால் இன்னொரு கிளப்புக்கு முழுப் பணம், குழாய் சரிசெய்த உள்ளூர்க்காரருக்குக் கால்வாசியா? இந்த வழக்கத்தை எதிர்த்து வரித்துறையே நீதிமன்றம் போய் 2012-இல் தோற்றது என்றால், பிளம்பர் எங்கே போய் முறையிடுவார்?

அந்த ஒப்பந்தம் போட்டதற்கே அடுத்த சீசனில் 12 புள்ளி கழிவு. மேலாளர் லோ ஏற்கனவே பிளைமவுத் கிளப்புக்குப் போய்விட்டார், மேயர் உட்பட அணியில் பலரும் கலைந்தார்கள். (லோ போன அடுத்த சீசனிலேயே பிளைமவுத்தும் உயர்ந்தது. ஆள் சரி, இடம்தான் தப்பு.) ஆக, புள்ளி கழித்தது யாருக்கு? கடன் வைத்தவர் போய்விட்டார். உயர்த்தியவர்களும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ரசிகர்கள் மட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

புள்ளி கழிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பில் எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிற கிளப் பத்தாவது இடத்தில் நிற்க, கட்டாதவன் கடன் வாங்கி ஆட்களைச் சேர்த்து மேலே போனால் அது மோசடி. தண்டனை வேண்டும். ஆனால் அதை உரிமையாளர் பையிலிருந்து எடுங்களேன். கிளப்பை வாங்கும்போதே ஒரு வருடச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டச் சொல்லுங்களேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறியவர் எழுந்து போன பிறகு, பந்தியில் உட்கார்ந்திருப்பவன் இலையைப் பிடுங்குவது என்ன தண்டனை?

ஆகஸ்ட் வந்தது. சீசன் தொடங்கியது, பெரிக்கு மட்டும் இல்லை. பணத்துக்கு ஆதாரம் காட்டும்வரை ஆட்டம் கிடையாது என்று லீக் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தது. போன டிசம்பரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆகஸ்டில் மிகக் கறாராகக் கேட்டார்கள்! ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அதே மான்செஸ்டரில், யுனைடெட் ஹாரி மகுவயர் என்ற ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரை 80 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் ஒரு துளி சிந்தியிருந்தால் பெரி பிழைத்திருக்கும். சிந்த வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லைதான். ஆனாலும் எரிகிறது.

அப்புறம் ஆகஸ்ட் 27. வாங்குவதற்கு ஒரு நிறுவனம் முன்வந்துவிட்டது, மாலை 5 மணி கெடு, காரியம் முடிந்துவிடும் என்று செய்தி. காலையிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் பெரியின் கிக் லேன் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூலிக்கு அழைக்கவில்லை. வீட்டிலிருந்து துடைப்பம், வாளி, துணி. அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் தயாராக வேண்டுமே என்று நாற்காலி நாற்காலியாகத் துடைத்தார்கள். பிற்பகலில், கெடுவுக்குச் சற்று முன்பு, அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இரவு அறிவிப்பு வந்தது: பெரி லீக்கிலிருந்து வெளியேற்றப்படுகிறது. 1894-இலிருந்து இருந்த இடம். 1992-இல் மெய்ட்ஸ்டோன் என்ற கிளப் போன பிறகு லீக் இப்படி ஒரு கிளப்பை இழந்ததே இல்லை. லீக் ஒன் அந்த வருடம் 23 அணிகளோடு நடந்தது, காலியான நாற்காலியோடு பந்தி நடந்த மாதிரி.

பக்கத்து ஊர் போல்டனும் அதே கத்திமுனையில்தான் நின்றது. மறுநாள் வாங்குபவர் கையெழுத்துப் போட்டதால் பிழைத்தது. இடைவெளி அவ்வளவுதான்.

அந்த நாட்களில் டேல் பேட்டி ஒன்றில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: பெரியில் ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்கு முன்பு தெரியாதாம். சம்பளம் இல்லாமல் ஆடியவனுக்குத் தெரிந்திருந்தது. வாளியோடு வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவருக்குத் தெரியவில்லை. அவருக்கு எத்தனை புள்ளி கழித்தீர்கள்?

அதற்குப் பிறகு நடந்தது நீளமான கதை. ரசிகர்கள் பெரி ஏ.எஃப்.சி. என்று புதிதாகத் தொடங்கி ராட்கிளிஃப் மைதானத்தில் இரவல் இடத்தில் ஆடினார்கள். இன்னொரு சாரார் பழைய பெயரையும் கிக் லேனையும் மீட்கப் பாடுபட்டு 2022-இல் மைதானத்தை வாங்கினார்கள். இரண்டும் இணைய வேண்டும் என்று வைத்த ஓட்டு முதலில் தோற்றது. ஊரே இரண்டாகி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது. 2023-இல்தான் இணைந்தார்கள். 2025-இல் இங்கிலாந்துக் கால்பந்து ஏணியின் ஒன்பதாவது படியில் சாம்பியன் ஆகி எட்டாவது படிக்கு ஏறினார்கள். 2019-இல் ஏறிய இடத்துக்கு அங்கிருந்து இன்னும் ஐந்து படி. ஒருமுறை சொந்தமாக வென்றதை இன்னும் ஐந்து முறை வெல்ல வேண்டும்!

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். ஆமாம், வந்தது. பெரி போய் இரண்டு வருடம் கழித்து டிரேசி க்ரௌச் என்ற எம்.பி. தலைமையிலான குழு அறிக்கை, அதிலிருந்து நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில், சட்டம். இனிமேல் தனி ஒழுங்குமுறை அமைப்பு உரிமையாளர்களைச் சோதிக்குமாம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் கெட்ட பிறகும் சூரியன் உதிக்கத்தானே செய்கிறது. ஆனால் அதே ஜூலையில் மோர்கம்ப் என்ற கிளப்பில் சம்பளம் இல்லை, ஐந்தாம் படியான நேஷனல் லீக் அந்தக் கிளப்பை இடைநீக்கம் செய்தது, ஆகஸ்ட் பாதியில்தான் புதிய உரிமையாளர் கிடைத்துத் தப்பித்தது. பெரியை அப்படியே மறுபடி போட்டுக் காட்டினார்கள், முடிவு மட்டும் வேறு.

இரண்டு மாதம் கழித்து ஷெஃபீல்டு வெட்னஸ்டே, இன்னும் பெரிய கிளப், அப்போது இரண்டாம் டிவிஷன். மாதக்கணக்கில் சம்பளம் தாமதம். ரசிகர்கள் அக்டோபரில் ஓர் ஆட்டத்துக்கு வராமலே இருந்து காட்டினார்கள். இரண்டு நாளில் கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, உரிமையாளர் ஒழிந்தார் என்று ஊரே கிளம்பி, டிக்கெட்டும் சட்டையும் வாங்கக் கிளப் கடையில் வரிசை கட்டியது. கிளப்பைக் காப்பாற்றத் தன் காசோடு ஓடி வந்த அந்தக் கூட்டத்துக்கு லீக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அதே 12 புள்ளி கழிவு. அதுவரை வெட்னஸ்டே சேர்த்திருந்தது 6 புள்ளி. பட்டியலின் அடியில் கழித்தல் 6 என்று போட்டார்கள். டிசம்பரில், சம்பளம் கொடுக்காத குற்றத்துக்கு, இன்னும் ஆறு. கொடுக்காதவர் அப்போது அங்கே இல்லவே இல்லை.