அந்த நீலப் பேனைக்காரனுக்கு

இரவல் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதுவும் துப்பறியும் கதையில்!

போயா தினம், வேலை இல்லை. திருகோணமலை டச்சு பே கடற்கரை மணலில் பிளேன்டீயோடு குந்தி, அகதா கிறிஸ்டியின் ‘தி மேர்டர் அட் த விக்கரேஜ்’ஐத் திறந்தேன். 1930இல் வந்தது, துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஊர். ஊரில் ஒருவருக்கும் ஆகாத கேணல் புரோதரோ, பாதிரியாரின் மேசையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். அந்த அறை மணிக்கூடு எப்போதும் கால் மணித்தியாலம் முந்தி ஓடும் (எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பாவின் வேலை). பாதிரியார் அதைச் சொல்லப் பார்க்கிறார், இன்ஸ்பெக்டர் வாய் திறக்க விட்டால்தானே!

மார்ப்பிள் கிழவியோ தோட்ட வேலை சாட்டில், யார் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தபடியே இருப்பார். எங்கள் ஒழுங்கையில் படலையடியில் நின்று முருங்கையிலை உருவும் மாமியேதான். அவரிடம் ஒரு கொலையைக் கொடுத்தால் விளக்கு வைப்பதற்குள் ஆளைப் பிடித்துவிடுவார்.

கேணல் தொலைந்தால் சந்தோஷப்பட ஏழு பேராவது இருக்கிறார்கள் என்கிறார் மார்ப்பிள். அந்த ஏழு பேரை நானே கண்டுபிடிக்கிறேன் என்று பில் துண்டின் பின்பக்கத்தில் பெயர் எழுதத் தொடங்கினேன். ஐந்தாவது பெயரோடு பக்கத்தைத் திருப்பினால், ஒரு பெயரைச் சுற்றி நீலப் பேனையால் இரண்டு வட்டம். ஓரத்தில் அம்புக்குறி. “இந்த ஆள்தான்!!”

பென்சில் என்றாலாவது அழிரப்பரால் அழிக்கலாம். இது பேனை, அதுவும் அழுத்தி எழுதியதில் மறுபக்கமும் தெரிகிறது. என்ன, பரீட்சைக்கா படித்தாய்? கண்டுபிடித்துவிட்டாயா, சந்தோஷம். வீட்டில் போய்ச் சொல்லு, கோட்டையில் மேயும் மான்களிடம் சொல்லு. உனக்குப் பிறகு வாசிக்கிறவன் உனக்கு என்னடா செய்தான்?

நண்பரிடம் புலம்பினால், “ஆரெண்டு தெரிஞ்சாலும் வாசிக்கலாம்தானே” என்கிறார். வாசிக்கலாம், சரி. ஆனால் அந்த ஆள் காலை வணக்கம் சொன்னாலே எனக்குத் துவக்குச் சத்தம் கேட்கிறது. மிச்ச ஆறு பேரும் கல்யாண வீட்டுக்குச் சும்மா வந்து போகிற சனம் மாதிரி ஆகிவிட்டார்கள்.

குறித்தவன் பிழையாக ஊகித்திருப்பான் என்ற ஒரே நம்பிக்கையில் முடிவுவரை போனேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அதே நீல மை:

“சொன்னேன்தானே?”